கல்லில் மரமும் திரையில் ஆவியும்

அறந்தாங்கிப் பேருந்து நிலையத்தில் ஏறி ஆவுடையார்கோயிலில் இறங்குவதற்கு இடையே உள்ள 14 கிலோமீட்டர் தூரத்தில், கண்மாய்க் கரைகளையும் சீமைக்கருவேலம் புதர்களையும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு சென்ற எனக்கு, முன் இருக்கையில் அமர்ந்திருந்த இரண்டு இளைஞர்களின் சம்பாஷணை, கலையைப் பற்றி நெடுநாளாக மனத்தில் தீர்வில்லாமல் கிடந்த ஒரு கேள்வியை எதிர்பாராத விதமாக எழுப்பிவிட்டது. ஒருவன் கையில் கைப்பேசி; மற்றவன் அவன் தோளில் சாய்ந்து அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாப்ள, கிராபிக்ஸை ஸ்மூத்துல வச்சுட்டு, ஃப்ரேம் ரேட்டை எக்ஸ்ட்ரீமுக்கு ஏத்துடா. அப்பத்தான் லேக் அடிக்காது.”

“ஹெச்.டி.ஆர்.ல வச்சா பாக்க நல்லா இருக்குமேடா.”

“நல்லா இருந்து என்ன பண்ண? நீ பாத்துக்கிட்டே நிப்ப, அவன் போட்டுட்டுப் போயிருவான்.”

அவர்கள் ஆடிக்கொண்டிருந்தது, தென்கொரியாவைச் சேர்ந்த கிராஃப்டன் நிறுவனம் 2021-இல் இந்திய ஆட்டக்காரர்களுக்கென்றே வெளியிட்ட பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்னும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. அதன் அமைப்புப் பக்கத்தில் இரண்டு வரிசைகள் உண்டு. முதல் வரிசை காட்சியின் நேர்த்தியைப் பற்றியது. ஸ்மூத் என்னும் எளிய நிலையில் தொடங்கி ஹெச்.டி., ஹெச்.டி.ஆர். என்று படிப்படியாக ஏறுவது. இரண்டாவது வரிசை, ஒரு விநாடியில் எத்தனை முறை திரை புதிதாக வரையப்பட வேண்டும் என்பதை நிர்ணயிப்பது. சாதாரண விலையுள்ள கைப்பேசியில் இரண்டையும் ஒருங்கே உச்சத்தில் வைப்பது சாத்தியமில்லை. ஆகவே, மரத்தின் நிழலையும் மலையின் தூரத்து மங்கலையும் விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாகக் கைவிரலின் அசைவுக்கு உடனே இணங்கும் வேகத்தை வாங்கிக்கொள்ளுகிறார்கள். இது அந்த ஓர் இளைஞனின் யுக்தியன்று. அந்த விளையாட்டைத் தீவிரமாக ஆடுகிறவர்களிடையே சர்வசாதாரணமான வழக்கம். எந்தக் கலைப் பள்ளியிலும் பயிலாத அந்தப் பையன், எதை வைத்துக்கொள்ளுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்தான் அல்லவா? அந்த முடிவுதான் கலைப்பாணி என்று நாம் சொல்லும் விஷயத்தின் முதல் வித்து என்று எனக்குத் தோன்றியது.

இறங்கிக் கோயிலுக்குள் சென்று, அண்ணாந்து கொடுங்கையைப் பார்த்தேன். ஆவுடையார்கோயில் கொடுங்கை என்றால் தமிழ்நாட்டுச் சிற்பிகளிடையே ஒரு தனி மதிப்பு. புதிதாகக் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கும் ஸ்தபதிகள், ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக மற்ற எவ்வித வேலையும் செய்து தருவோம்’ என்று எழுதிக்கொடுப்பார்களாம். இது செவிவழிச் செய்தியேயாயினும், அண்ணாந்து பார்த்தவன் அதை நம்பத் தயங்கமாட்டான். மண்டபத்தின் விளிம்பிலிருந்து வளைந்து இறங்கும் கருங்கல்லின் அடிப்பக்கத்தில், தச்சன் இழைத்துப் பொருத்திய மரக் கூரையைப் போலவே, கைமரங்களும் அவற்றின் குறுக்கே ஓடும் சட்டங்களும், சட்டத்தைக் கைமரத்தோடு பிணைக்கும் ஆணிகளின் குமிழ்களுங்கூட ஒன்றுவிடாமல் செதுக்கப்பட்டிருக்கின்றன. உண்மையில் அங்கே ஆணி இல்லை, சட்டம் இல்லை, எல்லாம் கல். ஆணிக் குமிழைக் கல்லில் செதுக்க வேண்டிய கட்டடத் தேவை எதுவும் இல்லை. அது தாங்குவதும் ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் அந்தச் சிற்பி அதைச் செதுக்கினான்.

இந்த இடத்தில், யதார்த்தமாகச் செய்து காட்டும் தொழில்நுட்பத் திறமைக்கும் கலைப்பாணிக்கும் இடையே எல்லை எங்கே என்பது சுலபமாகச் சொல்லக்கூடியதாக இல்லை. கொடுங்கை தத்ரூபமாக இருக்கிறது என்பதற்காக நாம் வியக்கிறோமா? அப்படியானால் செட்டிநாட்டு வீட்டின் உண்மையான மரக் கூரையைக் கண்டு அதைவிட அதிகமாக வியக்க வேண்டும். ஏனென்றால் மரத்தைப் போல இருப்பதில் மரத்தை மிஞ்சுவது எது? அந்தக் கூரையைப் பார்த்து ‘நல்ல வேலைப்பாடு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கொடுங்கையின் கீழேயோ கழுத்து வலிக்கும்வரை நிற்கிறோம். கண் மரத்தைக் காண்கிறது. அதே கணத்தில் அறிவு கல்லை அறிகிறது. இரண்டில் ஒன்று மற்றதை அழித்துவிடாமல் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. சாதனமும் தோற்றமும் ஒருசேரப் புலப்படும்போது பிறக்கிற அந்த ஆனந்தம், சாதனத்தை முற்றிலும் மறைத்துவிட்ட தோற்றத்தில் பிறப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். வீடியோ கேம் என்னும் இளங்கலையின் சரித்திரம் முழுவதையும் இந்த ஒரு பார்வையோடு படித்துப் பார்க்கலாம் என்றே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கணினி வரைகலையின் தொழில்நுட்ப வரலாறு, ஒளி ஒரு பொருளின்மேல் பட்டு நம் கண்ணுக்கு வரும் விதத்தைக் கணக்காக்கும் முயற்சியின் வரலாறு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் புய் துவோங் போங் என்னும் வியட்நாமிய ஆராய்ச்சியாளர், வளைந்த பரப்பின்மேல் ஒளி மினுங்குவதைக் காட்டும் ஒரு கணித முறையை 1973-இல் வகுத்தார். அதே பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல், ஒரு படத்தைத் துணிபோல எடுத்து ஒரு வடிவத்தின்மேல் போர்த்தும் முறையை 1974-இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். 1980-இல் டர்னர் விட்டெட், ஒளிக்கதிர்களின் பாதையைக் கண்ணிலிருந்து பின்னோக்கித் தொடர்ந்து சென்று பிரதிபலிப்பையும் நிழலையும் கணிக்கும் ரே டிரேசிங் முறைக்கு வழி செய்தார். அவர் காலத்தில் ஒரே ஒரு படத்துக்கு நெடுநேரம் பிடித்த அந்தக் கணக்கை, 2018-இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட கருவிகள் விளையாட்டின் ஓட்டத்திலேயே செய்யத் தொடங்கின. இன்றைய 4கே திரையில் இருக்கும் புள்ளிகள் 82,94,400. விநாடிக்கு 60 முறை அவற்றைப் புதுப்பிக்க வேண்டுமாயின், ஏறத்தாழ 50 கோடி புள்ளிகளின் நிறத்தை ஒரு விநாடியில் நிர்ணயிக்க வேண்டும். மனித புத்தியின் இந்த மகத்தான சாதனையை இழித்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போங் வகுத்த முறை, ஒளியின் பௌதிக விதிகளிலிருந்து நேரே பெறப்பட்டதன்று. பார்வைக்கு மினுக்கமாகத் தெரிய என்ன செய்யலாம் என்று அனுபவத்தால் கண்டுபிடித்த ஓர் உபாயம். அதனால்தான் அந்த முறையை நம்பி வரையப்பட்ட பழைய கணினிப் பொருள்கள் எல்லாம் பிளாஸ்டிக்கில் செய்தவை போல இருக்கின்றன. தன் காலத்தில் ‘உண்மை’ என்று கொண்டாடப்பட்ட தோற்றம், இருபது வருஷம் கழித்து அந்தக் காலத்தின் பாணியாக மட்டுமே எஞ்சுகிறது. 1994-இல் வந்த முதல் பிளேஸ்டேஷனில், கணக்கின் துல்லியக் குறைவால் வடிவங்களின் விளிம்புகள் நடுங்கும். சுவரின் கற்கள் கோணலாக வளையும். அன்று குறையாகக் கருதப்பட்ட அந்த நடுக்கத்தை, இன்று எவ்வளவோ வலிமையான கருவிகளை வைத்திருக்கும் இளம் படைப்பாளிகள் விரும்பித் தங்கள் விளையாட்டுகளில் செய்து வைக்கிறார்கள். முன்னே தவறி நேர்ந்தது பின்னே தேர்ந்தெடுக்கப்படும்போதுதான் அது பாணி என்னும் பெயருக்கு உரியதாகிறது.

எங்கள் தெருவில் டிவி கேம் வைத்திருந்த வீடு ஒன்று உண்டு. பள்ளி விட்டதும் அந்த வீட்டு முற்றத்தில் செருப்புகள் குவிந்து கிடக்கும்; மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஆட விடுவார்கள்; கேசட்டைக் கழற்றி அதன் அடியில் வாயால் ஊதிவிட்டுத் திரும்பச் செருகினால் படம் வரும் என்பது அந்நாளைய சாஸ்திரம். அந்தத் திரையில் ஓடிய மேரியோவை அறியாதவர் என் தலைமுறையில் குறைவு. 1981-இல் டாங்கி காங் என்னும் விளையாட்டுக்காக ஷிகெரு மியாமோட்டோ அந்த உருவத்தை அமைத்தபோது அவருக்குக் கிடைத்த இடம் அகலத்தில் 16 கட்டம், உயரத்தில் 16 கட்டம். அந்தச் சிறு சதுரத்துக்குள் வாயை வரைந்தால் அது வாயாகத் தெரியாது. ஆகவே பெரிய மூக்கும் அதன் கீழே மீசையும் வந்தன. தலைமயிர் குதிக்கும்போது பறப்பதைக் காட்ட இயலாது. ஆகவே தொப்பி வந்தது. கை வீசுவது உடலோடு கலந்து மறைந்துவிடக் கூடாது. ஆகவே சட்டைக்கு ஒரு நிறமும் அதன்மேல் அணிந்த வார் வைத்த கால்சட்டைக்கு வேறு நிறமும் வந்தன. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் உலகம் அந்த உருவத்தை ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொள்ளுகிறது. 4கே திரையின் புள்ளிகள், எங்கள் தெருவின் டிவி கேம் வரைந்த 61,440 புள்ளிகளைப் போல 135 மடங்கு. ஆனால் அந்த 135 மடங்கு செல்வம், மீசையைப் போன்ற இன்னொரு முடிவைத் தானாகக் கொண்டுவந்து தந்துவிடவில்லை.

கட்டங்களுக்குள் கலை செய்வது தமிழ்ப் பெண்களுக்குப் புதிதன்று. மார்கழி விடியலில் வாசல் தெளித்துப் புள்ளி வைக்கிறவள், புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் நிச்சயமான பிறகுதான் கோட்டை இழுக்கிறாள். புள்ளி கட்டுப்பாடு, கோடு சுதந்திரம். இதை வெறும் உபமானமாக நான் சொல்லவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலங்களைச் சில விதிகளால் உண்டாக்கும் வரிசை இலக்கணங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள்; கணினி வரைகலைக்கென்றே அப்போது நடந்த ஒரு சர்வதேச ஆய்விதழில் 1974-இல் அது வெளிவந்தது. கேட்மலின் ஆய்வேடு முடிந்த அதே வருஷம். மேற்கே ஒருவர் துணியைப்போல் படத்தை வடிவத்தின்மேல் போர்த்த வழி தேடிக்கொண்டிருந்தபோது, தாம்பரத்தில் மூவர், சில விதிகளைக் கொண்டு எண்ணிறந்த வடிவங்களை எப்படிப் பிறப்பிக்கலாம் என்று வாசற்கோலத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் செய்தி நம் பள்ளிப் பாடநூல்களில் ஒரு பத்தியாவது பெற வேண்டும் என்பது என் ஆசை.

இனி, யதார்த்தத்துக்கும் பாணிக்கும் நேர்ந்த ஒரு பெரிய விவாதத்தைப் பார்ப்போம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் நடத்திய கண்காட்சியில், தன் புதிய கருவியின் வலிமையைக் காட்டுவதற்காக, செல்டா வரிசையின் கதாநாயகன் லிங்க் தன் பகைவனோடு வாட்போர் புரியும் ஒரு சிறு காட்சியைக் காட்டியது. அன்றைய அளவில் மிக யதார்த்தமான காட்சி அது. ரசிகர்கள் அடுத்த விளையாட்டு இப்படித்தான் இருக்கும் என்று நம்பிக் காத்திருந்தார்கள். மறு வருஷக் கண்காட்சியில் வந்ததோ, பெரிய விழிகளும் தட்டையான வண்ணங்களும் கொண்ட, சித்திரப் படத்திலிருந்து இறங்கி வந்ததுபோன்ற ஒரு சிறுவன். குழந்தைகளுக்கான படம் என்று கோபித்தவர்கள் பலர். எய்ஜி அவோனுமாவின் இயக்கத்தில் 2002 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த அந்த விளையாட்டின் பெயர் தி விண்ட் வேக்கர். ரசிகர்கள் கேட்ட யதார்த்தச் சாயலோடு அதே வரிசையில் இன்னொரு விளையாட்டு 2006-இல் வந்தது.

இன்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவனுக்கு, பின்னால் வந்ததன் மங்கிய பழுப்பு நிறங்களும் அரைகுறை யதார்த்தமும் வயதாகிவிட்டதாகவும், முன்னால் வந்தது நேற்று வரைந்ததுபோலவும் தோன்றும். காரணத்தை ஒரே ஒரு விவரத்தில் காட்டலாம். கடலில் கப்பலோட்டிச் செல்லும் அந்த விளையாட்டில் காற்றுத்தான் பிரதானம். ஆனால் காற்றுக்கு உருவம் இல்லை. அதை வரைந்தவர்கள், வெண்மையான ஒரு மெல்லிய கோடு காற்றின் திசையில் ஓடி, நடுவே ஒரு சுருள் சுருண்டு, மீண்டும் நீண்டு மறையும்படி அமைத்தார்கள். உலகத்தில் எந்தக் காற்றும் அப்படித் தெரிவதில்லை. என்றாலும் அந்தக் கோட்டைக் கண்டவுடன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதும், பாயை எப்படித் திருப்ப வேண்டும் என்பதும் ஆடுகிறவனுக்கு உடனே விளங்கிவிடுகின்றன. விளையாட்டின் படம், சுவரில் மாட்டிய படத்தைப்போல நின்று பார்ப்பதற்கு உரியதன்று. செயல் செய்துகொண்டே வாசிக்க வேண்டியது. எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் துரியோதனன் இன்னான் என்று தெரியும்படி முகத்தில் வண்ணம் தீட்டும் தெருக்கூத்துக் கலைஞனுக்கு இந்த நியாயம் நன்றாகத் தெரியும். பேருந்தில் ஹெச்.டி.ஆர். வேண்டாம் என்ற பையனுக்கும் அது தெரிந்திருந்தது.

2006-இல் காப்காம் வெளியிட்ட ஓகாமி என்னும் விளையாட்டின் கதையும் இத்தகையதே. முதலில் யதார்த்தமாகவே அதை அமைக்க எண்ணினார்கள். பிளேஸ்டேஷன் 2 அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. பிறகுதான் ஜப்பானிய மைச்சித்திர மரபைக் கைக்கொண்டார்கள். அதில் ஆடுகிறவன் தானே தூரிகையை எடுத்து வானத்தில் ஒரு வட்டம் வரைந்தால் சூரியன் உதிக்கும். பாணி, விளையாட்டின் தோலாக இருந்த நிலை மாறி, விளையாட்டின் கையாகவே ஆகிவிட்டது. இதற்கு மறுபுறத்தில், 2007-இல் கிரைட்டெக் நிறுவனத்தின் கிரைசிஸ் வந்தபோது, புதுக் கணினி வாங்குகிறவர்கள் எல்லாம் ‘இதில் கிரைசிஸ் ஓடுமா?’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நிலைத்ததே தவிர, அதன் காடு அவ்வளவாக நினைவில் நிலைக்கவில்லை. கனசதுரக் கட்டிகளாலேயே உலகம் முழுவதையும் அமைத்த மைன்கிராஃப்ட், 2011-இல் முழுமையாக வெளிவந்து, 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளுக்குமேல் விற்றிருக்கிறது.

யதார்த்தத்தை நெருங்க நெருங்க ஓர் ஆபத்தும் நெருங்குகிறது. ஜப்பானிய ரோபோ விஞ்ஞானி மசாஹிரோ மோரி 1970-இலேயே அதைச் சுட்டிக்காட்டினார்: பொம்மை மனிதனைப்போல ஆக ஆக நமக்கு அதன்மேல் பிரியம் ஏறும், ஆனால் ஏறக்குறைய மனிதனாகவே ஆகிவிட்ட ஒரு கட்டத்தில், எஞ்சியிருக்கும் சிறு வித்தியாசம் திடீரென்று அருவருப்பை உண்டாக்கும். தமிழ்நாட்டில் இதை நாம் திரையரங்கிலேயே அனுபவித்தோம். சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கத்தில் 2014 மே மாதம் வெளிவந்த கோச்சடையான், நடிகரின் அசைவுகளைக் கருவிகளால் பதிவு செய்து கணினி உருவத்துக்கு ஊட்டும் முறையில் இந்தியாவில் செய்யப்பட்ட பெருமுயற்சி. அதன் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால், தமிழர்கள் தங்கள் சொந்தக்காரனின் முகத்தைப்போல ஒவ்வொரு சுருக்கத்தையும் அறிந்து வைத்திருக்கிற ஒரு முகத்தை அந்தத் திரையில் பார்த்தபோது, இருந்ததைக் காட்டிலும் இல்லாதது அதிகமாகத் தெரிந்தது; கண்ணின் ஓரத்தில் வரவேண்டிய ஒரு சிரிப்பு வராமற்போனதை ஊர் முழுவதும் கண்டுகொண்டது. தோற்பாவைக் கூத்தில் ராமனுக்குப் பக்கவாட்டில் ஒரே கண்தான். தோலில் துளையிட்டு வண்ணமேற்றிய அந்த உருவம் கண் சிமிட்டுவதில்லை, உதடு அசைப்பதில்லை. ஆயினும் அது ராமன் இல்லை என்று எந்தக் கிராமத்திலும் யாரும் குறை சொன்னதில்லை. தோல் பாவை, தான் தோல் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறது. எஞ்சியதைப் பார்க்கிறவர்கள் நிரப்பிக்கொள்ளுகிறார்கள்.

இதனால், தொழில்நுட்பம் வேண்டாம், பாணி ஒன்றே போதும் என்று நான் வாதிப்பதாக வாசகர் கருதிவிடக் கூடாது. விண்ட் வேக்கரின் தட்டையான வண்ணம், கருவியின் ஒளிக் கணக்கைப் புதிய விதமாகத் திருப்பி அமைத்ததால் வந்தது. 2017-இல் கனடாவிலிருந்து வந்த கப்ஹெட், 1930-களின் கேலிச்சித்திரப் படங்களைப்போல ஒவ்வொரு சட்டத்தையும் காகிதத்தில் கையால் வரைந்து செய்யப்பட்டது. யதார்த்தச் சிலையைக் கணினியில் செய்வதைவிட அதில் பிரயாசை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆவுடையார்கோயில் இருக்கும் அதே மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்குச் சென்று குகையின் விதானத்தைப் பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் தீட்டிய தாமரைக் குளம். இலைகளுக்கு நடுவே மீன்களும் அன்னங்களும் யானைகளும், பூப்பறிக்கும் துறவிகளும். குளம் தலைக்குமேலே இருக்கிறதே என்று கண் கேட்பதில்லை. கோடும் சில வண்ணங்களுமே அந்த ஓவியம். ஆனால் அந்தக் கோடு ஆயிரம் வருஷம் பாறையில் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு, அதன் அடியில் யாருடைய கண்ணுக்கும் படாமல் பூசப்பட்ட சுண்ணாம்புச் சாந்தின் பக்குவம் காரணம். ஒரு விளையாட்டில் விநாடிக்கு 60 முறை தடங்கலின்றித் திரையைப் புதுப்பிக்கும் கணக்கும் அந்தச் சாந்தைப் போன்றதே. அது கெட்டுப்போனால் சித்திரம் உதிர்ந்துவிடும்.

இந்தியாவில் இந்த விஷயம் இன்னொரு கோணத்தில் நம்மை உறுத்துகிறது. பெங்களூரில் ராஜேஷ் ராவ் 1997-இல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் என்னும் நிறுவனம், வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு வேண்டிய கார்களையும் கட்டடங்களையும் மரங்களையும் கணினியில் செய்து அனுப்பும் தொழிலில் வெகுகாலம் சிறந்து விளங்கி, 2019-இல் ராக்ஸ்டார் நிறுவனத்தின் வசமாயிற்று. அவ்விதமான பணிகளில் நம் இளைஞர்கள் காட்டிய கைத்திறன் எவருக்கும் குறைந்ததன்று. ஆனால் எந்த மரம், எந்த நிறம், எவ்வளவு நிழல் என்னும் முடிவுகள் வேறு தேசத்தில் எடுக்கப்பட்டன. அனிமேஷன் படிக்கச் செல்லும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மென்பொருளின் பொத்தான்களைக் கற்றுத் தருகிறார்கள். ஆவுடையார்கோயிலுக்கோ சித்தன்னவாசலுக்கோ ஒரு நாள் அழைத்துச் சென்று, சிற்பி எதை விட்டான், எதை வைத்துக்கொண்டான் என்று பார்க்கச் சொல்லும் ஆசிரியர்கள் மிகக் குறைவு. இது எனக்கு உண்மையான வருத்தம்.

அந்த முடிவுகளை நாமே எடுத்தபோது என்ன நிகழ்ந்தது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் வெளியிட்ட ராஜி, அசுரர்கள் கவர்ந்து சென்ற தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை. 2017-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டிய முயற்சி கைகூடாமற்போன பிறகும் அந்தச் சிறு குழு விடாமல் செய்து முடித்தது. பஹாரி ஓவிய மரபின் வண்ணங்களைத் தழுவி, ராஜஸ்தானத்து மாடங்களின் வழியே கதையை நடத்தி, இடையிடையே நிழற்பாவைகளைக் கொண்டு புராணத்தைச் சொல்லுகிறார்கள். பெரும் பொருட்செலவுள்ள மேல்நாட்டு விளையாட்டுகளோடு ஒளிக் கணக்கில் போட்டியிட முயன்றிருந்தால், அது இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும்.

இரண்டாவது உதாரணம் நமக்கு இன்னும் நெருங்கியது. கனடாவின் டொரன்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ், 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டின் பெயர் வெண்பா. அபி என்று அறியப்படும் தமிழர் அதன் கர்த்தா. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை; ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடக் கூடியது. இதில் துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை. வெண்பாவின் தாய் எழுதிக்கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதன் பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கின்றன. விட்டுப்போன இடங்களை ஆடுகிறவன் யோசித்து நிரப்பிச் சமைக்க வேண்டும். 2024-இல் சுயாதீன விளையாட்டுகளின் விழாவில் அதன் தலைமைப் பரிசும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதற்படைப்புக்கு வழங்கும் விருதும் இதற்குக் கிடைத்தன.

முதல் அத்தியாயத்தில் வெண்பா இட்லி அவிக்கிறாள். இட்லிப் பாத்திரத்தின் தட்டுகளை ஆவி தடையின்றி மேலேறும்படி அடுக்குவதே அங்கே ஆடுகிறவன் தீர்க்க வேண்டிய புதிர். இந்த அடுக்குமுறையை என் தாய் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அவள் செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அதை ஒரு கணினித் திரையில் ஒரு நியாயமாக எதிர்கொண்டபோது எனக்கு உண்டான உணர்ச்சியைச் சொல்லி முடியாது. படம் முழுவதும் தட்டையான வண்ணங்களும் உறுதியான வடிவங்களுமே. இட்லியின் மேற்பரப்பில் இருக்கும் சிறு துளைகளைக் கோடிக்கணக்கான புள்ளிகளால் தத்ரூபமாகக் காட்டியிருக்கலாம். ஆவி எழும்புவதைப் பௌதிக விதிகளின்படி கணித்திருக்கலாம். இன்றைய கருவிகளுக்கு இவை அரியன அல்ல. அவ்வாறு செய்திருந்தால், கண் இட்லியைப் பரிசோதித்துக்கொண்டே இருந்திருக்கும். பிறந்த ஊரின் அடுப்பங்கரை மனத்தில் எழுவதற்கு இடமே இருந்திராது. குறிப்புப் புத்தகத்தின் அழிந்த எழுத்தை ஆடுகிறவன் நிரப்புவதைப்போலவே, படத்தில் வரையாமல் விட்டதையும் அவனே தன் நினைவைக் கொண்டு நிரப்புகிறான். வளர்ந்த கவின், பாட்டி கைப்பட எழுதிய தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் கட்டத்தில், விடுபட்டுப் போவது வெறும் சமையற்பொருளின் பெயர் மட்டுமா? கதையின் சோகமும் புதிரின் இலக்கணமும் ஓவியத்தின் பாணியும், மூன்றும் ஒன்றாக முறுக்கேறிய இந்தப் பொருத்தத்தை, நான் அறிந்த பெரிய விளையாட்டுகள் பலவற்றில் கண்டதில்லை.

கொடுங்கையின் கீழே நின்று இவ்வளவையும் யோசித்துவிட்டு உள்ளே சென்றேன். அந்தக் கோயிலின் மண்டபங்களில் சிற்பி காட்டாத வித்தையில்லை. குதிரைகள் பாய்கின்றன, வேடர்கள் வில்லோடு நிற்கிறார்கள், விரலின் நகம்வரை கல் உயிர் கொண்டிருக்கிறது. இத்தனை உருவங்களையும் கடந்து மூலஸ்தானத்தை அடைந்தால், அங்கே லிங்கம் இல்லை. பீடமாகிய ஆவுடையார் மட்டும் இருக்க, அதன்மேல் வெற்றிடம். எதிரே நந்தி இல்லை. வெளியே கொடிமரமும் இல்லை. ஆணிக் குமிழைக்கூட விடாமல் செதுக்கிய அதே கோயில், எல்லாவற்றிலும் முக்கியமான இடத்தில் உளியை எடுக்காமல் இருந்துவிட்டது. இதைச் சைவ சித்தாந்திகள் அரூப வழிபாடு என்று விளக்குவார்கள். அதற்குமேல் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

உச்சிக்கால வேளை. மடைப்பள்ளியிலிருந்து வடித்த சோற்றைக் கொண்டுவந்தார்கள். அங்கே பச்சரிசி அன்னம் கிடையாது, புழுங்கலரிசிச் சோறுதான். கூடக் கீரையும் பாகற்காயும். சந்நிதிக்கு முன்னே இருக்கும் படைகல்லின் மேல் அதைச் சுடச்சுடக் கொட்டிப் பரப்பினார்கள். அந்த ஆவியே நிவேதனம். கல்லிலிருந்து அது எழுந்து, தூங்காவிளக்கின் வெளிச்சத்தில் ஒரு கணம் வெண்மையாகச் சுருண்டு, ஆவுடையாரின் மேலிருந்த இருளுக்குள் சென்றது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கிழவி, அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்துக் கைகளைக் குவித்தாள்.